பழைய இழுவை லாரியை வாங்குமுன்

இழுவை லாரிக்குச் சரக்கு ஏற்றும் பாடி கிடையாது. கேபினுக்குப் பின்னால் வெறும் சேசிஸ், அதன்மேல் கிரீஸ் பூசிய கனமான இரும்புத் தட்டு ஒன்று, அவ்வளவே. டிரெய்லரின் முன்பகுதி அந்தத் தட்டின்மேல் அமர்கிறது. டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின், தட்டின் நடுவிலுள்ள தாடையில் பூட்டிக்கொள்கிறது. நாமக்கல் உரிமையாளர்களின் சமையல் எரிவாயு புல்லட் டேங்கர்களில் பெரும் பகுதி இப்படிப் பூட்டி இழுக்கப்படுபவைதான். சங்ககிரிச் சாலையில் சிமெண்டும், சேலத்தில் இரும்புச் சுருளும், பெரிய எந்திரங்களும் இதே முறையில் போகின்றன.

இந்த வட்டாரத்தில் டிரைவராக இருந்து உரிமையாளராக மாறியவர்கள் ஏராளம். அவர்களின் முதல் வண்டி பெரும்பாலும் பழைய வண்டி, ஃபைனான்ஸில் எடுத்தது. விலை பேசும் இடத்தில் அவர்கள் பார்ப்பது டயரை, பெயின்ட்டை, எஞ்சின் சத்தத்தை. இழுவை லாரியைப் பொறுத்தவரை இந்த மூன்றும் இரண்டாம் பட்சம். எஞ்சினைப் பணம் கொடுத்துச் சீர்செய்யலாம், டயரை மாற்றலாம். பல ஆண்டுகள் பாரம் இழுத்ததன் தழும்பு பதிவது வேறு இடங்களில்: பூட்டும் தட்டில், சேசிஸின் கீழ்விளிம்பில், பின் அச்சின் கிரவுன் பல்லில், ரேடியேட்டரில், பிரேக் டிரம்மில். கண் முதலில் போகவேண்டியது அங்கே.

இழுக்கப்போகும் எடையை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வண்டியின் பெயரிலேயே அதற்கான குறிப்பு இருக்கிறது. டாடா 4018 என்றால் டிரெய்லரும் சரக்கும் சேர்த்து ஏறத்தாழ 40 டன், 180 குதிரைத்திறன். 4923 என்றால் 49 டன், 230 குதிரைத்திறன். இந்த 40 வந்தது அச்சுக்கணக்கிலிருந்து. பழைய விதிப்படி முன் அச்சுக்கு 6 டன், நான்கு டயர் கொண்ட பின் அச்சுக்கு 10.2 டன், டிரெய்லரின் மூன்று அச்சுகளுக்கும் சேர்த்து 24 டன், கூட்டினால் 40.2. பின்னால் இரட்டை அச்சு கொண்ட லாரிக்கு 6, 19, 24 என 49 டன். 2018 ஜூலையில் மத்திய அரசு இந்த வரம்புகளை உயர்த்தியது. முன் அச்சு 7, பின் ஒற்றை அச்சு 11.5, இரட்டை அச்சு 21, டிரெய்லர் மூன்றச்சு 27 டன் ஆயின. அதன்படி பதினெட்டு சக்கர வண்டிக்கு 45.5 டன், இருபத்திரண்டு சக்கர வண்டிக்கு 55 டன். பழைய வண்டி வாங்குபவர் இங்கேதான் சறுக்குகிறார். சந்தையில் எல்லோரும் புதுக்கணக்கைப் பேசுவார்கள். கையில் இருக்கும் வண்டியோ பழைய கணக்குக்குச் செய்யப்பட்டதாக இருக்கும். பதிவுச் சான்றான ஆர்.சி. புக்கில் எழுதியிருக்கும் எடை எதுவோ அதுதான் அந்த வண்டியின் எடை. ஓட்ட நினைக்கும் சரக்குக்கு அது போதாது என்றால், மேற்கொண்டு சோதித்துப் பார்ப்பதே வீண் வேலை.

40 டன்னை இழுப்பது என்றால் உண்மையில் எவ்வளவு விசை? சமதளத் தார்ச்சாலையில் லாரி டயர் உருள்வதற்கான தடை, எடையில் ஏறத்தாழ 0.7 சதவீதம். 40.2 டன்னுக்கு அது சுமார் 280 கிலோ விசை. இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் எடையின் இருபதில் ஒரு பங்கு, அதாவது 2,010 கிலோ, கூடுதலாகச் சேர்கிறது. மொத்தம் 2,290 கிலோ. சமதளத்தைப் போல் எட்டு மடங்கு. இந்த விசையோடு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 170 குதிரைத்திறன் சக்கரத்துக்கு வந்து சேரவேண்டும். வழியில் கியர் பாக்ஸும் கிரவுனும் தின்றது போக, 180 குதிரைத்திறன் எஞ்சினால் அந்த வேகத்தை எட்டுவதே பாடு. எஞ்சின் முழு மூச்சில் எரிகிறது. எதிர்க்காற்றோ சைக்கிள் வேகத்தில்தான் வருகிறது. ரேடியேட்டர், ஃபேன், கிளட்ச், கிரவுன் எல்லாமே வருத்தப்படுவது இந்த நிலையில்தான். கரூர்ச் சாலையின் சமதளத்தில் டிரெய்லர் இல்லாமல் ஓட்டிப் பார்த்து "வண்டி சும்மா பறக்குது" என்று திரும்பி வருவதால் ஒன்றும் தெரியப்போவதில்லை.

வண்டிக்கு அடியில் குனிவதற்கு முன் காகிதங்களைப் பார்ப்பது நல்லது. காகிதம் சரியில்லாத வண்டிக்கு மெக்கானிக்கை அழைத்துவரத் தேவையில்லை. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான படிவம் 35-உம் தடையின்மைச் சான்றும் வரும்வரை முழுப் பணம் கைமாறக் கூடாது. தகுதிச் சான்றான எஃப்.சி. முதல் 8 ஆண்டுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. எஃப்.சி. இருக்கிறது என்பதாலேயே வண்டி நன்றாக இருக்கிறது என்று ஆகாது, இரண்டு எஃப்.சி.களுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருந்தால் வண்டி ஏன் நின்றது என்று கேட்கவேண்டும். நேஷனல் பெர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு: சாதாரண சரக்கு வண்டிக்கு 12 ஆண்டு, பல அச்சு வண்டிக்கு 15 ஆண்டு. பதினான்கு வயது வண்டி மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுவாகவே இருக்கலாம். பெர்மிட், வரி, காப்பீடு, நிலுவை அபராதம் ஆகியவற்றை வாகன், இ-சலான் இணையதளங்களில் பதிவு எண்ணைக் கொடுத்தே பார்த்துவிடலாம். புல்லட் டேங்கர் என்றால் லாரிக்குத் தனிக் காகிதம், மேலே உள்ள அழுத்தக்கலனுக்குத் தனிக் காகிதம். கலனின் உரிமத்தை மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ தருகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கவேண்டிய நீரழுத்தச் சோதனை எப்போது நடந்தது என்பது விலையைப் பெரிதும் மாற்றும்.

சேசிஸ் எண்ணைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. எழுத்துகள்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கும் பழைய பழக்கத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. அரைத்துவிட்டு மறுபடி அடித்த எண்ணில் எழுத்துகளின் ஆழமும் வரிசையும் தாளில் பெரும்பாலும் மாறித் தெரியும். எண்ணைச் சுற்றி உலோகம் குழிந்திருந்தாலோ, வெல்டிங் தடம் இருந்தாலோ அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். டிரெய்லருக்கும் தனிச் சேசிஸ் எண் உண்டு. லாரியோடு சேர்த்து வாங்கும்போது அதையும் காகிதத்தோடு ஒப்பிட வேண்டும்.

கிலோமீட்டர் காட்டும் மீட்டரை நம்புவதற்கில்லை. ஆனால் 2021 பிப்ரவரி முதல் எல்லா லாரிகளுக்கும் கட்டாயமான ஃபாஸ்டேக், தெரியாமலே ஒரு நல்ல சாட்சியாகிவிட்டது. விற்பவரிடம் ஓராண்டு ஃபாஸ்டேக் கணக்கைக் கேட்டால் எந்தச் சுங்கச்சாவடியை எந்த நாளில் வண்டி கடந்தது என்று வரிசையாக இருக்கும். ஓட்டம் எவ்வளவு, எந்தத் தடம், இடையில் எத்தனை வாரம் பட்டறையில் நின்றது எல்லாம் அதிலிருந்து கணக்கிட முடியும். தருவதற்கு விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி பூட்டும் தட்டு. ஃபிப்த் வீல் என்றும் டர்ன் டேபிள் என்றும் அழைக்கப்படும் இதன்மேல் கிரீஸ் அப்பியிருக்கும்போது எதுவும் தெரியாது. டீசல் விட்டுத் துடைத்தபிறகே பார்க்கவேண்டும். தட்டின் மேற்பரப்பில் ஒருபக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் டிரெய்லர் சாய்ந்தே ஓடியிருக்கிறது. தாடை எவ்வளவு தேய்ந்தது என்பதை எளிதில் கண்டுபிடிக்கலாம். டிரெய்லரைப் பூட்டி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்து, லாரியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக்' என்று சத்தம் வரும் அளவுக்கு ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் தாடையில் இருக்கலாம், கிங்பின்னிலும் இருக்கலாம். கிங்பின் இரண்டு அங்குலம், மூன்றரை அங்குலம் என இரு அளவுகளில் வருகிறது. சாதாரணச் சரக்கு டிரெய்லர்களில் இருப்பது இரண்டு அங்குலம், அதாவது புதிதில் 50.8 மில்லிமீட்டர். பூட்டும் கழுத்துப் பகுதி 49 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் கிங்பின்னை மாற்றவேண்டும். வெர்னியர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. கழுத்தின் மேல் வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைந்த கிங்பின்னும் எப்போதாவது கண்ணில் படும். கடினப்படுத்திய எஃகை வெல்டிங் சூடு கெடுத்துவிடும்; அளவு சரியாக இருந்தாலும் அதை ஏற்கக் கூடாது.

தட்டைத் தாங்கும் துணைச் சட்டமும் அதைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளும் அடுத்தவை. போல்ட் தலையைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால் அந்த இணைப்பு அசைந்துகொண்டே இருந்திருக்கிறது என்று பொருள். இறுக்கமான இணைப்பில் உலோகம் உலோகத்தோடு உரசாது. உரசினால்தான் நுண்துகள் உதிர்ந்து துருப்பிடித்துச் சிவப்பாகப் படியும். ரிவெட்டுகளிலும் இதே அடையாளத்தைத் தேடவேண்டும்.

சேசிஸ் என்பது நீளவாக்கில் இரண்டு சட்டங்களும் அவற்றைக் குறுக்கே இணைக்கும் சட்டங்களும் சேர்ந்தது. பாரம் ஏறும்போது நீளச்சட்டம் நுண்ணிய அளவில் வளைகிறது. மேல்விளிம்பு அமுங்க, கீழ்விளிம்பு இழுபடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் இது நடக்கிறது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்தினால் ஒடிவது போலவே, வலிமைக்குள் அடங்கிய வளைவும் இலட்சக்கணக்கான முறை நிகழ்ந்தால் இரும்பில் விரிசலைத் தொடங்கி வைக்கும். விரிசல் பிறப்பது இழுபடும் விளிம்பில், துளையோரத்தில், பழைய வெல்டிங் முடியும் இடத்தில். சேசிஸ் விளிம்பில் துளையிடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். துணைச் சட்டத்தின் முன்முனை எங்கே முடிகிறதோ அந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தடித்த பகுதி திடீரென்று மெலியும் அந்த எல்லையில்தான் வளைவு குவிகிறது. விரிசல் பெரும்பாலும் முடிபோன்ற துருக்கோடாகத் தெரியும். சந்தேகம் வந்தால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசினால், விரிசலுக்குள் நின்ற எண்ணெய் கசிந்து பொடியில் ஈரக்கோடாக எழும். பட்டறைக்காரர்களின் இந்தக் கைவைத்தியமும், தொழிற்சாலைகளில் சாயத் திரவம் ஊடுருவவிட்டுச் செய்யும் சோதனையும் ஒரே அறிவியல்தான்.

சேசிஸில் புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தாலே ஏமாற்று என்று முடிவுகட்டத் தேவையில்லை. எஃப்.சி.க்கு முன் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது இங்கே வழக்கம். ஆனால் ஒரு முழம் நீளத்துக்கு மட்டும் தடிமனாகப் பூசியிருந்தால், அல்லது உட்பக்கமாகத் தகடு வைத்து வலுப்படுத்தியிருந்தால், அந்த இடத்துக்குக் காரணம் கேட்கவேண்டும். விபத்தில் கோணலான சேசிஸைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சமமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, இரு சட்டங்களிலும் ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்துக்கொள்ளலாம். வண்டியை நகர்த்திவிட்டுக் குறிகளின் மூலைவிட்டங்களை அளந்தால், இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். கண்ணுக்குப் படும் வேறுபாடு இருந்தால் டயர் ஒருபக்கமாகத் தேய்வதும் வண்டி ஒருபக்கம் இழுப்பதும் ஆயுள் முழுக்கத் தீராது. லாரிப் பாடி கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லில் இதைச் செய்யத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. விற்பவருக்கு வேண்டாத பட்டறையாகத் தேர்ந்துகொள்வதுதான் முக்கியம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்கவேண்டும். வாங்குபவர் வருமுன்பே வண்டியைக் கிளப்பிச் சூடேற்றி வைப்பது வழக்கமான தந்திரம். போனதும் எஞ்சின் பிளாக்கைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும். குளிர்ந்த எஞ்சினில் கம்ப்ரஷன் குறைந்திருந்தால், காற்று அமுங்கிச் சூடாவது போதாமல் டீசல் எரியாது போய் வெள்ளைப் புகையாக வரும். செல்ஃப் நீண்ட நேரம் சுற்றவேண்டியிருக்கும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். பாரத்தில் கரும்புகை என்றால் நாசில், பம்ப், டர்போ அல்லது அடைபட்ட ஏர் ஃபில்டர். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் லேசான ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று அழுத்தத்தோடு புகை வந்தால், மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன் அது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்து, எரிந்த வாயு கீழே நழுவுகிறது. டர்போவின் தண்டைக் கையால் அசைத்தால் பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்பின்னாக ஆட்டம் தெரியவே கூடாது.

வண்டி எந்த மாசு விதியைச் சேர்ந்தது என்பதையும் பார்க்கவேண்டும். நாடு முழுதும் பி.எஸ்.4 2017 ஏப்ரலிலும் பி.எஸ்.6 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. புகையின் மாசைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டிகளில், 32.5 சதவீத யூரியா கொண்ட அந்தத் திரவத்தின் செலவை மிச்சப்படுத்த அமைப்பையே துண்டித்து வைத்திருப்பவர்கள் உண்டு. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணையவேண்டும். எரியவே எரியாத விளக்கு, பல்பு கழற்றப்பட்ட விளக்காக இருக்கலாம். பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தினால் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கும் பழைய பிழைகளும் வெளியே வந்துவிடும்.

குளிர்விப்பு அமைப்புக்கு இந்த மண்ணில் தனிக் கவனம் வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்கள் கடினப் பாறை நிலம். போர்வெல் தண்ணீரில் உப்பு மிகுதி. கூலண்ட் ஊற்றாமல் அந்தத் தண்ணீரையே ரேடியேட்டரில் விட்டு ஓட்டிய வண்டிகளில், உட்சுவரில் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். வார்ப்பிரும்பு கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் இந்தப் படிவு கடத்தும். மெல்லிய படிவே போதும், ஏற்றத்தில் சூட்டுமுள் சிவப்புக்குப் போக. ரேடியேட்டர் மூடியை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும், திறந்து பார்த்தால் உள்ளே வெண்படிவோ துருச்சேறோ தெரியும். தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ ஆயில் கூலரையோ சந்தேகிக்க வேண்டும்.

கிளட்ச்சைச் சோதிக்கப் பழைய முறையே போதும். கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, உயர்ந்த கியரில் மெல்ல கிளட்ச்சை விட்டால் எஞ்சின் உடனே அணையவேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. இதை ஒருமுறைக்கு மேல் செய்வது பிறர் வண்டிக்குச் செய்யும் கொடுமை. கிரவுன் பினியனுக்கு வேறு சோதனை. வண்டியை நியூட்ரலில் வைத்து, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பி, எவ்வளவு தூரம் வெற்றாகச் சுற்றுகிறது என்று பார்ப்பார்கள். யு ஜாயிண்ட் தேய்மானமும் அதில் கலந்து வரும் என்பதால் அதையும் தனியே அசைத்துப் பார்க்கவேண்டும். ஹவுசிங்கின் டிரெயின் பிளக்கில் காந்தம் உண்டு. அதில் மாவுபோல் கருந்தூள் ஒட்டியிருப்பது வயது. செதிலாகவோ துண்டாகவோ இரும்பு வந்தால் பல் உடைகிறது. ஓட்டிப் பார்க்கும்போது கிரவுன் எப்போது ஊளையிடுகிறது என்பதையும் கவனிக்கலாம். பாரத்தை இழுக்கும்போது பற்களின் ஒரு முகமும், ஆக்ஸிலேட்டரை விட்டு வண்டி எஞ்சினைத் தள்ளும்போது மறுமுகமும் வேலை செய்கின்றன. இழுக்கையில் மட்டும் ஊளை என்றால் இழுக்கும் முகம் தேய்ந்திருக்கிறது. இழுவை லாரியில் இதுவே அதிகம்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பெங்களூரிலிருந்து சேலம் வரும் வண்டி தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. சரக்கு லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் வண்டிகள்மேல் மோதும் விபத்துகளுக்குப் பேர்போன இடம் அது. காரணம் எளிய இயற்பியல். 40.2 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஐந்து அச்சில் பத்து டிரம். ஒன்று 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் 500 கிலோ இரும்பு. அந்த ஆற்றல் முழுவதும் டிரம்களிலேயே தங்கினால் அவற்றின் சூடு 170 டிகிரி உயரும். இது ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும். காற்று கொஞ்சம் ஆற்றினாலும், தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். டிரம்மோ சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர், எஞ்சின் தாங்கியிருக்கக்கூடிய பங்கையும் சேர்த்து டிரம்மின் தலையில் கட்டுகிறார்.

ஆகவே பழைய வண்டியின் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. ஒரு முன்சக்கரம், ஒரு பின்சக்கரம், டிரெய்லரில் ஒன்று கழற்றினாலே போதும். உட்பரப்பில் மெல்லிய சூட்டு வெடிப்புகள் வலைபோல் இருப்பது சகஜம். விளிம்புவரை ஓடும் நீண்ட வெடிப்பு இருந்தால் டிரம் கழிவு. நீலம் பாய்ந்த திட்டுகள் பலமுறை காய்ந்து தணிந்ததைச் சொல்லும். எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். பல பழைய வண்டிகளில் அதன் வால்வு துருப்பிடித்து இறுகிப்போய், யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கும்.

காற்றுக் கசிவைக் காதாலும் கடிகாரத்தாலும் அளக்கலாம். ஏர் டேங்க் நிரம்பியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி அழுத்தமானியைப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் தேர்வில் வைக்கும் அளவுகோல், தனி லாரிக்கு நிமிடத்துக்கு 3 பி.எஸ்.ஐ., டிரெய்லரோடு 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது என்பது. இங்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். டிரெய்லருக்குப் போகும் காற்றுக் குழாய்கள் இரண்டு. ஒன்று எப்போதும் அழுத்தத்தோடு இருப்பது. மற்றது பிரேக் மிதிக்கும்போது மட்டும் செய்தி சொல்வது. முதல் குழாயைக் கழற்றியவுடன் டிரெய்லர் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தில் டிரெய்லர் கழன்றால் அதை நிறுத்தப்போவது இந்த ஏற்பாடு ஒன்றுதான். பிடிக்கவில்லை என்றால் டிரெய்லர் வால்வு பழுது, அல்லது யாரோ அதைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

டிரெய்லர் பிரேக்கைத் தளர்த்தி வைத்து ஓட்டும் டிரைவர்களும் உண்டு. டிரெய்லர் டயர் தேய்வதைத் தவிர்க்கவாம். அப்படிச் செய்தால் 24 டன்னை நிறுத்தும் வேலையும் முன்னால் உள்ள லாரியின் நான்கு டிரம்மில் விழுகிறது. மழைச்சாலையில் லாரியின் பின்சக்கரம் பூட்டி வழுக்கினால், பின்னால் வரும் டிரெய்லர் தள்ளத் தள்ள, லாரி பேனாக்கத்தி மடங்குவதுபோல் திரும்பிவிடும். 2015க்குப் பின் வந்த கனரக வண்டிகளில் ஏ.பி.எஸ். இருப்பது இதைத் தடுக்கத்தான். பழைய வண்டியில் அதன் சென்சார் வயர் அறுந்து கிடக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

டயரைப் பற்றி விற்பவரே நிறையச் சொல்வார். மத்திய மோட்டார் வாகன விதியின்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம், டயர் உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். முன்சக்கரத்தில் ரீட்ரேட் இருந்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழித்துவிடலாம். ஸ்பிரிங் பட்டைகளில் ஒடிந்தது, இடம் நகர்ந்தது, ஒருபக்கம் மட்டும் புதிது ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

கடைசிச் சோதனை பாரத்தோடு. வாடகையைக் கொடுத்தாவது சரக்கேற்றிய டிரெய்லரைப் பூட்டி, ஏற்றம் இருக்கும் சாலையில் அரைமணி நேரம் ஓட்டவேண்டும். சூட்டுமுள் எங்கே நிற்கிறது, கியர் பாரத்தில் தெறித்து வெளியே வருகிறதா, நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை விட்டுப் பிடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது, நிறுத்தியதும் எந்தச் சக்கரத்தின் டிரம் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறது என்பவை வேறெந்த வழியிலும் தெரியவராதவை. டிரம்மின் சூட்டைத் தூரத்திலிருந்தே அளக்கும் லேசர் வெப்பமானி வைத்திருந்தால் வசதி. சூடாகாத டிரம்தான் அதிகக் கவலைக்குரியது. அந்தச் சக்கரத்தில் பிரேக்கே பிடிக்கவில்லை. இந்த ஓட்டத்துக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே மேல். மெக்கானிக் கூலியும் வாடகையும் சேர்ந்தாலும், ஒரு கிரவுன் பினியன் மாற்றும் செலவை எட்டாது.

வண்டி பிடித்து விலையும் முடிந்தபின் மிஞ்சுவது பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்குக் கைமாற்றும்வரை அப்படியே ஓட்டுவது லாரித் தொழிலில் புதிதல்ல. மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.